அடிபடாதவர்களின் கூடம்

என் தம்பிக்கு இடது கண் கிடையாது. சிறு வயதில், வெடிக்காமல் கிடந்த வெடி ஒன்றைக் குனிந்து பார்க்கப் போய் அது போய்விட்டது. ஊர் அதை மறந்துவிட்டது, அவனும் பாதி மறந்துதான் இருந்தான். நான் மறக்கவில்லை. தெருவில் இறங்கினால் அவனுடைய இடது பக்கம் நான்தான் நடப்பேன். பள்ளிக்கூடம், சர்ச், சந்தை, எங்கே போனாலும் அதுதான் என் இடம். சைக்கிளோ மாடோ வந்தால் முதலில் என் மேல் இடிக்கட்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் நானும் தம்பியும்தான். அவன் ஓர் அச்சாபீஸில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பக்கம் வேலை பார்த்தான். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் விலகாமல் விழுந்திருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பிடித்துவிடுவான். இரண்டு கண் உள்ளவர்களுக்கு இது பிடிபடாது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்களாம். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். அந்த ஒற்றைக் கண்ணுக்கு ஏதாவது ஆனால் வேலை மட்டுமா போகும், உலகமே இருட்டு.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, சிலம்பம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கோபம் வந்தால் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்திருந்த சட்டம். கம்பு சுழல்கிற இடத்துக்கு ஒற்றைக் கண்ணை எடுத்துக்கொண்டு போகிற புத்திசாலி இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பிறகுதான் காரணம் வந்தது. அச்சாபீஸில் யாரோ இடது பக்கமாக வந்து அவன் தோளைத் தொட்டிருக்கிறார்கள். இவன் பதறித் துள்ளியதில் மை டப்பா கவிழ்ந்து, அடித்து வைத்திருந்த தாளெல்லாம் வீணாகிவிட்டது. யாரும் திட்டவில்லை, சிரித்திருக்கிறார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“அந்தப் பக்கம் எப்பவும் யாரோ நிக்கிற மாதிரியே இருக்குக்கா. பயந்து பயந்தே கெளவனாயிருவேன் போல” என்றான்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் அது வேண்டாம் என்பதற்கு நான் வைத்திருந்த இன்னொரு பெயர். நன்றாகத் துருவி விசாரித்தால் தேறுகிற சம்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த வரன்களையெல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டியிருந்தேன். ஒரு கம்புக்கூடம் எம்மாத்திரம்?

விசாரிக்க நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. எந்தக் கூடத்தின் யோக்கியதையும் கடைசியில் கட்டுப் போடுகிற அறைக்குத்தான் வந்து சேரும். ஊரில் பேர்பெற்ற கூடம் ஒன்று இருந்தது. திருவிழாப் போட்டிகளில் பரிசு வாங்குவது அவர்கள்தான். அவர்கள் எனக்கு நல்ல பழக்கம். காறை எலும்பு முறிந்து ஒருவர் வருவார், அவருக்குக் கட்டு அவிழ்ப்பதற்குள் விரல் நசுங்கி இன்னொருவர் வருவார். ஒரு பையனின் புருவத்துக்கு மேல் தையல் போடும்போது நான் வாத்தியாரைத் திட்டினேன். பக்கத்தில் நின்ற தாய்க்காரிக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. வாத்தியார் கையாலேயே அடி வாங்குகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைத்துவிடுமா என்று கேட்டாள். ஊர்க்கணக்கே அப்படித்தான் இருந்தது. தழும்பு இருந்தால் வித்தை இருக்கிறது, அடியாத மாடு படியாது. அந்தக் கூடத்தை அன்றைக்கே தள்ளிவிட்டேன். தள்ளுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஆனால் தம்பி விஸ்வநத்தத்தில் இன்னொரு கூடம் இருப்பதாகச் சொன்னான். எத்தனை யோசித்தும் அங்கிருந்து ஒருவர்கூட எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததாக நினைவில்லை. மற்ற நர்ஸ்களிடமும் கேட்டேன். இல்லை. கட்டு மாற்றிக்கொள்ள வந்த பேர்பெற்ற கூடத்துக்காரர்களைக் கேட்டால் சிரித்தார்கள். அங்கன கம்பு சுத்தச் சொல்லித் தர மாட்டாக, கோலம் போடத்தான் சொல்லித் தருவாக என்றான் ஒருத்தன். அவன் அப்போது என்னிடம் கையை நீட்டிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தான்.

பிரசவ வார்டில் விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பகலில் பட்டாசு செய்கிற வெடி ஆபீஸில் வேலை, சாயங்காலம் அந்தக் கூடம். என்னம்மா கற்றுக்கொண்டார் உன் வீட்டுக்காரர் என்று கேட்டேன். அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

“சண்டைக்கெல்லாம் போக மாட்டாக. அங்கன சேந்ததுலருந்து கதவச் சாத்துனாக்கூடச் சத்தம் வர மாட்டேங்குது நர்சம்மா” என்றாள்.

இதை நல்ல சாட்சி என்று எடுப்பதா, கேலிக்கு எடுப்பதா என்று எனக்குப் புரியவில்லை. நேரில் போய்ப் பார்த்து, கழித்துக் கட்டிவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு, தம்பியோடு நடந்தேன். வழக்கம்போல அவனுக்கு இடது பக்கம்.

ஊருக்குப் பின்னால் கரிசல் பொட்டல். சுற்றிலும் உடைமரம். நடுவில் கூட்டிப் பெருக்கின ஒரு களம். வாத்தியாரைப் பார்த்த உடனே எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். படிய வாரிய எண்ணெய்த் தலை, இடுப்பில் சீப்பு, தோளில் கரை போட்ட துண்டு. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓயாமல் பார்த்துக்கொள்கிற ஆள். வெடிப் பெட்டிகளை லாரியில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி என்று தம்பி சொன்னான். கூடத்தில் இருந்த எல்லாருமே வெடி ஆபீஸ்காரர்கள்தான். நகக்கண்ணில் அலுமினியப் பொடி போகாமல் மினுங்கியது. நான் ஒவ்வொருவர் முதுகாக, முழங்கையாகப் பார்த்தேன். ஒரு தழும்பு இல்லை.

இரண்டு பேர் களத்தில் இறங்கினார்கள். கம்பின் நுனியில் துணி சுற்றி, நனைத்து, கரித்தூளில் தொட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. காற்று மட்டும் விர்ரென்று கேட்டது. கம்போடு கம்பு மோதுகிற சத்தம் வந்தது, உடம்பில் விழுகிற சத்தம் வரவே இல்லை. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் அதன் பலன் தெரியும். இப்போது ஒரு விலா போகும், இப்போது ஒரு மணிக்கட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கை தட்டியதும் நின்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் திருப்பிப் பார்த்தார்கள். மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் கரிப்பொட்டுகள். அத்தனை வேகத்தில் வந்த கம்பு அத்தனை இடத்திலும் பொட்டு வைக்கிற அளவுக்கு மட்டும் தொட்டுத் திரும்பியிருந்தது.

ஏன் அடிப்பதே இல்லை என்று கேட்டேன். வாத்தியார் துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

“பகல்ல வெடிமருந்து ரூம்ல இருக்குற அதே கைதான நர்சம்மா இது. அங்கன எதையும் போடக் கூடாது, இளுக்கக் கூடாது, தட்டக் கூடாது. எடுக்கணும், வைக்கணும், அம்புட்டுதான். சாயங்காலம் ஓங்கிப் பளகுன கை காலையில அங்கனயும் ஓங்கிரும். ஒரு கைக்கு ரெண்டு பளக்கம் கெடையாது.”

வெடி ஆபீஸிலிருந்து எங்களிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வர முடியாமல் போனவர்களின் வீட்டாரையும் பார்த்திருக்கிறேன். அதனால் மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. ஆனாலும் விடவில்லை. தம்பியின் முகத்தைத் திருப்பிக் காட்டி, இருக்கிறது ஒரு கண், இதற்கு யார் ஜவாப்தாரி என்று கேட்டேன்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். சேர வருகிறவனைப் பிறகுதான் பார்ப்பார். அவனுக்காக யார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ, தாயோ பெண்டாட்டியோ, அவர்கள் முதலில் களத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கே இருந்த ஒவ்வொருவனுக்காகவும் ஒருத்தி நின்றிருக்கிறாள். கதவைப் பற்றிச் சொன்னாளே, அவளும் நின்றிருக்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.

நான் ஆபரேஷன் அறையில் நின்றவள். ரத்தத்தைப் பார்த்து முகம் திருப்பாதவள். கண்ணை இமைக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாத்தியார் கம்பைக் கரியில் தொட்டு எடுத்தார். முகத்தில் இருந்த மினுக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வேறு ஆள் நின்றார். கம்பு அசைந்ததைக் கண்டேன், அப்புறம் கம்பைக் காணோம். தலைக்கு மேல், காதோரம், முழங்காலருகே எல்லாம் காற்று. என் முன்மயிர் பறந்தது. பயமா, பக்தியா என்று சொல்லத் தெரியாத ஒன்று கால் வழியாக ஏறியது. திடீரென்று எல்லாம் நின்றது. வாத்தியார் கம்பை ஊன்றிக்கொண்டு, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“வீட்ல போய்ப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க” என்றார்.

வெள்ளைச் சேலையை முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. பாதி வழியிலேயே பொருமத் தொடங்கினேன். என்னைத் தொடுவதற்கே அந்த ஆளுக்குத் தைரியம் வரவில்லை, சும்மா காற்றில் வீசிவிட்டுத் தலை வாருகிறார், இதை நம்பி உன் கண்ணைக் கொடுக்கச் சொல்கிறாயா என்றேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் முகம் பார்த்தேன். நெற்றி, கன்னம், கழுத்து எங்கும் ஒன்றுமில்லை. கேட்டாயா, ஒன்றுமில்லை, விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினேன்.

விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். பாயில் எதிரெதிராக முழங்கால் போட்டோம். கண்ணை மூடி ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

“அக்கா, கண்ணத் தொறக்காத” என்றான் தம்பி.

ஜெபத்தின் நடுவே என்ன பேச்சு என்று அதட்டினேன், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அவன் என் விரலைப் பிடித்து என் இடது இமையின் மேல் வைத்தான். எடுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் கரி.

இமைக்க மாட்டேன் என்று நின்றவள் எந்தக் கணத்தில் கண்ணை மூடினேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கணத்துக்குள் கம்பு வந்து, பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் கண்ணுக்கு நான் மருந்து விட்டிருக்கிறேன். பஞ்சு பட்டாலே துள்ளுகிற இமை அது. என் இமைக்குத் தெரியாமல் என் இமையைத் தொட, பழகிய என் விரலாலும் ஆகாது. அதுவும் இடது கண். அவர் பதில் சொல்லவில்லை என்றா நினைத்தேன்? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஜெபம் பாதியில் நின்றது. மீதியைத் தம்பிதான் சொல்லி முடித்தான். ஆமென் மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் வெற்றிலை பாக்கோடு அவனை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வாத்தியார் துண்டைச் சரிசெய்துகொண்டு வெற்றிலையை வாங்கினார். எனக்கும் அந்த எண்ணெய்த் தலையைக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பண்டிகைக் காலம். ஆர்டர் குவிந்து ஊரே ராப்பகலாக லோடு ஏற்றிக்கொண்டிருந்த சமயம். சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த யாரிடமோ பேச நான் இரண்டடி பின்தங்கிவிட்டேன். ஒரு சைக்கிள்காரன் மணி அடிக்காமல் தம்பியின் இடது பக்கம் உரச வந்தான். நான் கத்த வாயைத் திறப்பதற்குள் தம்பி தோளைக் கொஞ்சம் உள்ளே வாங்கினான். தலையைக்கூடத் திருப்பவில்லை. சைக்கிள் போய்விட்டது. அவன் துள்ளவில்லை, பதறவில்லை. நடந்துகொண்டே இருந்தான். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

பிறகு ஓடிப் போய் வழக்கம்போல அவனுடைய இடது பக்கம் சேர்ந்துகொண்டேன். அவன் என் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து, தன் வலது பக்கம் விட்டான்.

“இங்கன வாக்கா. இம்புட்டு வருசமா உன் மொகத்தப் பாக்காமலே உன்கூட நடந்திருக்கேன்” என்றான்.