யன்னல் வைத்த மீன் பெட்டி

எங்கள் வீட்டில் கேட்காமல் தொடக்கூடாத பொருள் ஒன்று இருந்ததென்றால் அது அப்பாவின் மீன் பெட்டிதான். ஐஸ் போட்டு மீன் அனுப்பும், பாரமே இல்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதன் இரண்டு பக்கத்திலும் சின்னம்மா கறிக்கத்தியால் யன்னல் வெட்டியபோது, அப்பா வந்துவிடுவாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதற்கும் பயம், இப்போதும் அப்படித்தான்.

சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, எழுவைதீவுக் கரையில் பொறுக்கிய சிப்பிகளில் தோடு செய்வார். கொழும்பில் ஒரு கடை படம் கேட்டிருந்தது. பிடித்தால் மாதாமாதம் தோடு வாங்குவார்களாம். போனைக் கிட்டப் பிடித்து எடுத்தால் தோட்டைவிட நிழல்தான் பெரிதாக விழுந்தது. பெட்டிக்குள் தோட்டை வைத்து, யன்னல்களில் பட்டம் ஒட்டும் வெள்ளைத் தாளை ஒட்டி, வெளியிலிருந்து வெளிச்சம் விட்டால் நிழல் போய்விடும் என்று எங்கேயோ பார்த்திருந்தார்.

ஒரு யன்னலுக்கு வெயில் கிடைத்தது. மற்றதற்கு என் கையில் ஒரு பழைய ரோச் லைற். அது சோகை பிடித்ததுபோல மஞ்சளாக எரிந்தது. தோடு ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் கறுப்பாகவும் விழுந்தது. போதாததற்கு, மீன் மணத்துக்குப் பறந்து வந்து மொய்த்த இலையான் ஒன்றும் எல்லாப் படத்திலும் தோட்டோடு நின்றது.

"இலையானையும் சேத்து விப்பம்," என்று சிரித்த சின்னம்மா, படம் தெளிவில்லை, நாளைக்குள் வேறு அனுப்புங்கள் என்று கடை பதில் போட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மச்சாள், மீனுக்குக் காத்து வரட்டெண்டு யன்னல் வைச்சனீரோ?"

"மூடி அப்பிடியே கிடக்கு அத்தான்," என்றார் சின்னம்மா, தலை நிமிராமல்.

அப்பா போனை வாங்கி, தோட்டின் கறுத்த பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

பின்னேரம் அவர் தொழிலுக்குப் போன பிறகு பார்த்தால், பெட்டிக்கு மேல் அவர் தலையில் மாட்டும் லைற் கிடந்தது. இருட்டில் வலை இழுக்க அவருக்கு அதுதான் கண். தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அப்பா இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"அப்பா, லைற்றை மறந்திட்டியள்!"

"அது பழுது பிள்ளை. எரியாது. கொண்டுபோய் எறி."

வரும் வழியில் சுவிச்சை அமத்திப் பார்த்தேன். பகலிலேயே கண் கூசியது.

சாயும் வெயிலோடு அதையும் பிடித்து எடுத்த படங்களில் சிப்பியின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. கடைக்குப் பிடித்துவிட்டது. சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார். எனக்கோ சந்தோசப்பட முடியவில்லை. எரிகிற லைற்றுக்கும் பழுதான லைற்றுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் கடலில் தனியே என்ன செய்வாரோ என்று, மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, அப்பாவுக்குக் கொஞ்சம் புத்தி கொடுக்கும்படி மன்றாடினேன்.