அன்று நான் அழுதது அசதியில்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்திற்காக டவுன் பஸ்களைச் சுற்றுவழியில் விட்டிருந்த வாரம் அது. ஒரு பட்டப்பகலில் என் கணவரும் நானும் சேர்ந்து தரையில் விழுந்தோம். வாய்விட்டுச் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் தங்கராஜை உங்களில் பலருக்குத் தெரியும். விசைத்தறி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து கட்டிலே கதி. பேச்சு குழறும், புத்தி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைக்க, துடைத்துவிட, நாற்காலிக்கு மாற்ற எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அவர் நல்ல கனமான உடம்பு. நானோ காற்றடித்தால் பறக்கிற ஆள். அன்று தூக்கும்போது தலை சுற்றியது. அவருக்கு அடியில் நான் கிடந்தேன். வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

காரணம், நான் ஜெபக்காரி. எங்கள் தெருவின் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவள். பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, கடுப்புக்கு, காய்ச்சலுக்கு என்று எல்லோரும் என்னிடம்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் இந்தக் கோலமா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்த வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. எப்படியோ புரண்டு எழுந்து, உயிரைக் கொடுத்து அவரைக் கட்டிலில் ஏற்றினேன். முழங்கால் வீங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இவரைத் தூக்க எனக்குப் பெலன் தாரும்." பெலன் வரவில்லை. அவரைத் தூக்கக் குனிந்தவள் பாதியிலேயே நிமிர்ந்துவிடுவேன். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. சிறுநீருக்காக அடிக்கடி தூக்க வைத்து என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். தம்ளரைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். நீர்க்கடுப்பு வந்தது. காய்ச்சல் வந்தது. "இப்படியே விட்டால் இவர் தாங்கமாட்டார், தண்ணீர் கொடுங்கள்" என்று டாக்டர் சத்தம் போட்டார். குடிக்காத மனுஷனுக்கு எப்படிக் கொடுப்பது? அலுத்துப்போனேன். இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்று கூட ஜெபித்தேன்.

அந்த வாரம் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. பெண்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் விண்ணப்பத்தைச் சொன்னார்கள். நான் கண்ணை மூடி ஒவ்வொன்றாக ஜெபித்துக்கொண்டு வந்தேன். நடுவில் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

எங்கள் கூட்டங்களில் ஜெபத்தில் ஒருத்தி அழுதால் அது ஆவியானவர் தொட்டதுதான். வேறு அர்த்தமே கிடையாது. ஆகவே நான் அழ அழ அவர்கள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று குரலை உயர்த்தினார்கள். கிரேஸ் அக்கா கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! கண்ணைத் திறந்து கத்திவிட்டேன்.

"ஏட்டி, நிப்பாட்டுங்க! இது அபிஷேகம் இல்ல. எனக்கு முடியல. இவுகளத் தூக்கத் தெம்பு இல்ல. அன்னிக்கு ரெண்டு பேரும் கீழ விழுந்து கெடந்தோம். இனியும் போட்டுருவேன்னு பயமா இருக்கு."

கிரேஸ் அக்காவின் கைகள் தட்டாமல் அந்தரத்தில் நின்றன. எதிர்வீட்டு செல்விதான் முதலில் பேசினாள்.

"ஏக்கா, எதுத்தாப்புலதான நான் இருக்கேன்? ஒரு சத்தம் குடுத்தா வரமாட்டனா?"

சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். "அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளும் நானும் காலையில சாயந்தரம் வாரோம். அக்கா தனியாத் தூக்க வேண்டாம். நீங்க தண்ணியக் குடிங்க மொதல்ல" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் முழுத் தம்ளரையும் குடித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். இத்தனை காலம் ஜெபித்ததில் இப்படி ஒரு பதிலை நான் கண்டதில்லை.

கிரேஸ் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எங்க மாமியாரப் பாக்கும்போது நானும் ஒளிச்சு ஒளிச்சுத்தான் அழுதேன். நீ தைரியசாலி, உங்கிட்டப் போயி இத எப்படிச் சொல்லதுன்னு இருந்துட்டேன்" என்றார். என்னுடைய தைரியம் இன்னொருத்தியின் வாயையும் அடைத்து வைத்திருந்திருக்கிறது.

செல்வியின் கணவர் நம் சபைக்கு வராதவர். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்கள் கவனிக்கவும். முதல் நாட்களில் அவர்கள் வருவதற்குள் நான் வீட்டைப் பெருக்கி, நனைந்த விரிப்புகளை ஒளித்து வைப்பேன். "விருந்துக்கா கூப்புட்டிருக்கிய?" என்று செல்வி சண்டை போட்டு அவற்றைத் துவைக்க எடுத்துப்போனாள். இப்போது என் கணவருக்குக் காய்ச்சல் இல்லை. கேட்டு வாங்கித் தண்ணீர் குடிக்கிறார்.

அவர் எழுந்து நடக்கவில்லை. எனக்கு அசதியும் தீரவில்லை. பெலன் கேட்டேன்; அது என் கையில்தான் வந்து இறங்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆண்டவர் அதை எதிர்வீட்டில் வைத்திருந்தார். முழங்காலில் நின்று அவரிடம் சொல்வதை, பிரியமானவர்களே, பக்கத்தில் இருக்கிறவரிடமும் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஜெபக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள். ஆண்டவர் கைவிடமாட்டார் என்பதற்கு நான் சாட்சி. அவருக்கே மகிமை.

வாசித்து முடித்துவிட்டேன். என் முழங்கால் இன்னும் சரியாகவில்லை, இந்தப் பீடத்தின் படியோ உயரம். இறங்க யாராவது கொஞ்சம் கை கொடுங்கள்.