என் தண்ணீர் அல்லாத ஈரம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி செல்வி. அவளுடைய தம்பி ராஜன், பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிற பாஸ். வீட்டுச் சொந்தக்கார முஸ்லிம் அம்மா, எங்களுக்கு உம்மா. ஆண்டவரும் இருந்தார். அது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

எல்லோரும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் முந்தின நாள் அடித்த சுவர். பெயின்ட் முழுக்கக் கொப்புளம். சில இடத்தில் தோலாகத் தொங்கியது.

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஏழாம் வகுப்பு வரைதான் படித்தேன். போதகர் எழுதியாவது தரச் சொன்னார். எழுதுகிறேன்.

நான் தேயிலை பெக்டரியில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவன். கொழுந்து வாட்டும் மாடியில். ஒரு பிடி கொழுந்தைக் கையில் இறுக்கிப் பார்த்து, வாடிவிட்டது, அரைக்க அனுப்பலாம் என்று சொல்வது என் வேலை. போன வருஷம் தை மாதத்தில் பெக்டரியை மூடினார்கள். பிறகு நாவலப்பிட்டியில் மூட்டை தூக்கினேன். அதுவும் தினம் கிடைக்கவில்லை. செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்தாள். பாஸ்போர்ட் எடுத்தாள். மெடிக்கலும் முடிந்தது. கண்டியில் ஏஜென்சியில் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு ஐந்து வயது.

அப்போது ராஜன் கெலிஓயாவில் ஒரு வீட்டைப் பெயின்ட் அடிக்க எடுத்திருந்தான். "ஒரு ரூம் தாறேன் மச்சான். அடிச்சுப் பாருங்க. இந்த வேலைக்குக் கை இருந்தா தெரியும். இல்லாட்டியும் தெரியும்" என்றான்.

செல்வி சொன்னாள், "இது சரிவந்தா நான் போகல. சரிவராட்டி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுறேன்."

ஞாயிறு இரவு முழங்காலில் நின்றேன். வேலை தாரும் என்று கேட்கவில்லை. செல்வியை நிறுத்தும் என்றும் கேட்கவில்லை. "ஆண்டவரே, இந்த வேலைக்கு என்னிடம் கை இருக்கிறதா, இல்லையா? இரண்டில் ஒன்றைக் காட்டும். இல்லை என்றால் இல்லை என்றே காட்டும்" என்றேன். எனக்கு உண்மையிலேயே அறிய ஆசையாக இருந்தது. நாற்பத்திநாலு வயதில் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒரு கை வருமா?

முதல் மூன்று நாளும் ஒன்றும் விளங்கவில்லை. பெயின்ட் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அது ஏன் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ராஜன் ஏசுவான். சிலிங்கும் சுவரும் சேருகிற இடத்தில் பிரஷ்ஷால் நேராக ஒரு கோடு பிடிக்க வேண்டும். என் கோடு நேராக வரவில்லை.

"இது கோடா மச்சான், வளைஞ்சு வளைஞ்சு போற கடுகண்ணாவ ரோட்டா?"

நான் திரும்ப அடித்தேன்.

வியாழக்கிழமை கடைசிச் சுவர். ராஜன் வேறு வீட்டுக்குப் போயிருந்தான். நான் ஒரு வாளி தண்ணீரை எடுத்து சுவரில் வீசி நனைத்தேன். பிறகு பெயின்ட் அடித்தேன். தோட்டத்து லயத்து வீடுகளில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். நத்தார் பண்டிகைக்குச் சுண்ணாம்பு பூசும்போது சுவரை நனைக்காவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது. பெயின்ட்டுக்கு அது நேர் எதிர் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை செல்வி கண்டிக்குப் போகிற வழியில் கெலிஓயாவில் இறங்கி அந்த வீட்டுக்கு வந்தாள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பார்த்தாள்.

"தண்ணி ஊத்தினீங்களா? சொவத்தக் குளிப்பாட்டச் சொல்லி யாரு சொன்னா?" என்று ராஜன் தலையில் கை வைத்தான்.

உம்மா சொன்னார், "அவரை மட்டும் ஏசாதீங்க மகன். போன வருஷமும் இந்தச் சுவர் இப்பிடித்தான் பொங்கின. அப்ப அடிச்ச நீங்கதானே."

ராஜன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

செல்வி கைப்பையைத் தோளில் போட்டாள். "நான் போய் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்" என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை. எனக்குக் கிடைத்த பதில் இல்லை என்பதுதான் என்று நினைத்தேன். சரி ஆண்டவரே என்றேன். பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினேன்.

சுரண்டின இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. பழக்கம். கீழே நான் தண்ணீர் வீசிய இடம் பாதி காய்ந்திருந்தது. அரை நாள் வாடின கொழுந்து மாதிரி. கையை மேலே கொண்டுபோனேன். என் தலைக்கு மேலே, இடது பக்கம், சில்லென்று இருந்தது. மழை நாளில் மலையிலிருந்து வந்து இறங்கின கொழுந்து மாதிரி. அவ்வளவு உயரத்துக்கு நான் தண்ணீர் வீசவில்லை.

"இது என் தண்ணி இல்ல" என்றேன்.

"அப்ப யாரு தண்ணி?" ராஜன் சிரித்தான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு உம்மா?"

"குளிக்கிற ரூம்."

ராஜன் சிரிப்பை நிறுத்தினான். அவனும் கை வைத்துப் பார்த்தான். "எனக்கு எல்லாம் ஒண்டாத்தான் இருக்கு" என்றான். நான் காட்டின இடத்தில் உளியால் கொத்தினான். உள்ளே பைப் மூட்டு கசிந்துகொண்டிருந்தது.

வாசல் வரை போன செல்வி திரும்பி வந்தாள். கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தாள். தம்பியிடம் நேராகக் கேட்டாள்.

"அவருக்குக் கை இருக்கா, இல்லையா? சும்மா எனக்காகச் சொல்லாத."

ராஜன் உளியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான், "பிரஷ் கை இன்னும் வரல அக்கா. அது ஆறு மாசத்துல வந்துரும். சொவத்துல ஈரம் தெரியுற கை எனக்கே இல்ல. பெயின்ட் பிழையாப் போறதே ஈரத்துலதான். இவர் எனக்கு வேணும்."

செல்வி அங்கேயே இருந்து ஏஜென்சிக்குப் போன் எடுத்தாள். வரவில்லை என்றாள். காரணம் கேட்டார்கள். "வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

பைப்பைச் சரிசெய்த பிறகும் அந்தச் சுவரை அடிக்க நான் விடவில்லை. தினமும் போய் கை வைத்துப் பார்த்தேன். "நாடி பாக்க டொக்டர் வந்துட்டார்" என்று உம்மா பிளேன்டீ கொண்டு வருவார். பதினோராம் நாள் சரி என்றேன். அடித்தோம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் பெய்துவிட்டது. சுவர் அப்படியே இருக்கிறது.

நான் தண்ணீர் வீசியது பிழைதான். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிழை இல்லாவிட்டால் நான் சுரண்டியிருக்க மாட்டேன். சுவரில் கை வைத்திருக்கவும் மாட்டேன். பிரஷ் பிடிக்கிற கை வருமா என்றுதான் நான் கேட்டேன். ஆண்டவர் ஏற்கனவே தந்த கையைக் காட்டினார். கொழுந்தோடு போயிற்று என்று நான் நினைத்திருந்த கை.

முன்பு எனக்குத் தேவை வந்தால்தான் ஜெபம். இப்போது அறியாதது எதுவானாலும் கேட்கிறேன். பெரியவன் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டு வருகிற கணக்கைக்கூட. செல்வி சிரிக்கிறாள். சிரிக்க அவள் இங்கே இருக்கிறாள். அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

சகோதரர்களே, சகோதரிகளே, வேலை போய் வீட்டில் இருக்கிறவர்கள் நம் சபையில் இருக்கிறீர்கள். ஒரு புது வேலை உங்கள் கைக்கு வருமா, வராதா என்று ஆண்டவரிடம் நேராகக் கேளுங்கள். இல்லை என்றாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்து கேளுங்கள். அவர் காட்டுவார்.

இதுவரை நான் வேலை செய்த வீடு பதினேழு. இன்னும் காயவில்லை என்று சொல்லி நிறுத்தி வைத்த சுவர் ஒன்பது.