நெல்லுச்சோற்றைக் குறைத்த வருஷம்

ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. முட்டுக்குள் யாரோ கல்லை வைத்து அரைப்பதுபோல் வலித்தது. என் கணவர் தேவசகாயம் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து கைகொடுத்துத் தூக்கினார். தூக்கியவருக்கு என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. இருவரும் பெஞ்சில் சாய்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தோம். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம். யுத்த காலம், அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்தார்கள். ஊரில் பாதிப்பேருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எப்படியோ அரிசிக்குக் குறைவில்லை. அந்த ஊரில் பெருத்திருப்பது ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கூச்சம்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனது, பெட்ரோல் கிடைக்காத காலமென்று கரியில் ஓடவிட்ட பஸ்ஸில். மேட்டில் அது ஏறாமல் நின்றுவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் இறங்குனாலே ஏறிரும்யா" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். மேடு முடியும்வரை நாங்கள் நடந்தோம். நடுவில் நின்று நின்று போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் சோதித்தார். எனக்கு நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) தொடக்கத்தில் இருந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு (குழாய்களுக்குள் ரத்தம் அளவுக்கு மீறி அழுத்துவது), இருதயமும் வீங்கியிருந்தது.

"மருந்து கொஞ்சந்தான் செய்யும். உடம்புல இருக்கிற கொழுப்பு குறையணும்" என்றார்.

"பட்டினி கெடக்கணுமாம்மா?" என்று கேட்டேன்.

"கெடக்கக் கூடாது. பசிச்ச பிறகு சாப்பிடுங்க. பசி அடங்கினதும் கையைக் கழுவுங்க. வயிறு முட்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க."

அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் பருப்பும் வைக்க வேண்டும். தீட்டிய அரிசிக்குப் பதில் கம்போ குதிரைவாலியோ சேர்க்கலாம், ஆனால் அதற்கும் அளவு உண்டு. எண்ணெயைச் சட்டியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியில் எடுக்க வேண்டும். சேவு, சுழியம் மாதிரி எண்ணெயில் பொரித்த பலகாரம் வேண்டாம். இடையில் பசித்தால் மோர். பொழுது சாயும் முன் கடைசிச் சாப்பாடு, பிறகு நடை. என் கணவருக்கு உப்பும் குறைய வேண்டும். உங்களில் யாருக்காவது இப்படிச் சொல்லப்பட்டிருந்தால், இதில் எது கடினம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சமைப்பது கடினமில்லை.

முதல் நாள் கம்பஞ்சோற்றைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துவிட்டார்.

"ஏ எஸ்தரு, இதத்தான் சின்னப்புள்ளையில எங்க ஊரு பரளச்சியில தின்னேன். மழை இல்லாத வருஷம் இதுவும் இல்ல. நெல்லுச்சோறு திங்கணும்னுதான இம்புட்டு பாடுபட்டேன். திரும்பவும் இதையா திங்கச் சொல்ற?"

அவருக்கு அரிசிச் சோறு வேறாக வடித்தேன். அவருடைய தட்டில் சோறு என்பது வெறும் சோறாக இல்லை; அதைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடக்கத்தில் எனக்குத் தலை வலித்தது; எரிச்சல் வந்தது. அவர் வறுவலை மெல்லும் சத்தம் கேட்டால் அழுகை வரும். பிறகு மெதுவாக அடங்கியது. ரவிக்கை தளர்ந்தது. ஒருநாள் நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு நிற்காமல் வந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் போடு" என்றார். கம்பஞ்சோற்றில் நிறைய மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கி வைத்தேன். குனிந்தபடியே சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களே எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள். சாயங்காலம் சாப்பிட்டு முடித்து, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடப்போம். முன்பு நாங்கள் சேர்ந்து செய்தது சாப்பிடுவது மட்டும்தான். இப்போது பேசினோம். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டவேண்டி வந்தது. டாக்டரம்மாவும், அழுத்தம் குறைகிறது என்றார். "ஆனா இருதயம் பழையபடி ஆகும்னு சொல்லமாட்டேன்" என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டுமே நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பங்குனி மாதம், மத்தியானம், பருத்தி அடைத்த தாட்டுச் சாக்கின்மேல் கைவைத்தபடியே கடையில் சரிந்தார். என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு வந்த அவருடைய அக்கா ராகேல் மதினி, பெட்டியில் கிடந்த தம்பியைப் பார்த்து அலறினார். "எம் தம்பிய எப்படி உருக்கிட்டா பாருங்க! கம்பங்கூழ ஊத்தியே கொன்னுட்டாளே!"

யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தை எனக்குள்ளேயே தங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றையும் பலகாரத்தையும் சாப்பிட்டேன். பசியில் சாப்பிடவில்லை. அவருக்கு மறுத்ததை நான் தின்று தீர்க்கிறேன் என்று தோன்றியது. கால் வீங்கியது. நீரிழிவால் வரும் தாகம் திரும்ப வந்தது. பார்க்கிறவர்கள், "இப்பத்தான் தேறியிருக்கே" என்றார்கள்.

மதுரைக்குத் தனியாகப் போனேன். டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நான் பட்டினி போட்டதாலயா போனாக?"

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இல்ல. அவர் இருதயம் ரொம்ப வருஷமாப் பாரம் சுமந்துச்சு. கடைசியில கொஞ்ச மாசம் லேசாக்கிக் குடுத்தீங்க. அதுக்கு மேல உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது" என்றார். என் கணவர் இறந்த பிறகு நான் ஓங்கி அழுதது அங்கேதான்.

வீடு திரும்பி மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை இன்னும் கடினம். ஒருத்திக்காகக் கீரை ஆய்வது, ஒருத்திக்காக உலை வைப்பது. மெலிந்தபோது, "துக்கத்துல இளைச்சுட்டா" என்றார்கள். திருத்தப் போகவில்லை. அதிலும் பொய் இல்லை.

ஓராண்டு கழிந்திருக்கும். ராகேல் மதினி துணிப்பெட்டியோடு வந்து இறங்கினார். பாதம் உப்பியிருந்தது, வாசற்படி ஏறச் சுவரைப் பிடித்தார். முட்டு வலி, மூச்சிரைப்பு எல்லாம் சொன்னார். பழையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீகளே, அது மாதிரி எனக்கும் ஆக்கிக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்குக் கோபம் இருந்தது. குதிரைவாலி வேகும்வரை இருந்தது. பரிமாறும்போது அவர் கையைப் பார்த்தேன். தம்பிக்கும் அதே விரல்கள்தான். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது மதினி என்னோடுதான் இருக்கிறார். என் உடம்பு முன்பு எனக்குச் சொல்லாததையெல்லாம் சொல்கிறது: பசி வருவதை, போதும் என்பதை. குளிக்கும்போது கழுத்தெலும்பில் கை படும். யாருடையதோ என்று ஒரு கணம் திகைப்பேன். என் கணவர் இதைத் தொட்டுப் பார்த்ததில்லை. பொழுதும் மாறிவிட்டது. முன்பு நாளெல்லாம் அடுப்படியிலேயே கழிந்துவிடும். இப்போது சாயங்காலம் வெறுமையாக நீண்டு கிடக்கிறது. அந்த நேரத்தில் மதினியும் நானும் காட்டுப்பக்கம் நடக்கிறோம்.

நேற்று மதினி கேட்டார்: "அவன் இருந்திருந்தா இந்நேரம் என்ன செஞ்சுக்கிட்டிருப்பான்?"

"நமக்கு முன்னால போயிக்கிட்டிருப்பாக மதினி. கடைசியில வேகமா நடக்கப் பழகியிருந்தாக."

மதினிக்காக என் நடையைக் குறைத்துக்கொண்டேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.