உரிக்க ஏதாவது இருக்கிற வீடுகள்

செருப்பைக் கழற்றும்போதே தையல்நாயகி அடுக்களையை எட்டிப் பார்த்துக் கேட்பார்: "உரிக்க என்னங்க இருக்கு இன்னைக்கு?" சின்ன வெங்காயம் என்றால் முகம் மலர்ந்துவிடும். "நல்லதாப் போச்சு. புள்ள அழுதாலும் ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

வரிச்சிக்குடியில் சுகாதாரச் செவிலியர். தடுப்பூசி, காய்ச்சல், பிரஷர் எல்லாம் பார்ப்பார். வீட்டில் சண்டை மூண்டால் பிள்ளைகள் ஓடிவந்து உட்கார, தெருவுக்குத் தெரு ஒரு வீடும் பிடித்து வைத்திருக்கிறார். நிபந்தனை ஒன்றுதான்: "என்னாச்சுன்னு கேக்கக் கூடாது. ஒரு வேலையக் குடுங்க. கை ஓடுனா படபடப்பு அடங்கிடும்."

வெளிநாட்டிலிருந்து வந்து அவரோடு வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்த நான், கேட்காமல் விட்டால் ஆபத்தே தெரியாமல் போய்விடாதா என்றேன்.

"அடி விழுந்தா உடம்பு சொல்லிடும்ங்க, அன்னைக்கே சைல்டு லைனுக்கு ஃபோன் போட்டுடுவேன். மத்ததெல்லாம் வயிறு நெறஞ்சா தானா வரும். ஃபாரின்லேர்ந்து கவலையவே மூட்ட கட்டிட்டு வந்திருக்கீங்க! மொதல்ல இந்தப் பூண்ட உரிங்க."

உரித்தேன். கொஞ்சம் அடங்கத்தான் செய்தது.

அப்படிப் பிடித்து வைத்த வீட்டுக்காரர்களில் அவருடைய ஒரே தலைவலி சிதம்பரநாதன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் பக்கத்து வீட்டுக் கவியா படியேறியதும், "யாரு மொதல்ல ஆரம்பிச்சா, அப்பாவா அம்மாவா?" என்று கேட்டுவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படியே திரும்பிவிட்டாள். இப்போதெல்லாம் சத்தம் கேட்டால் வயலுக்குப் போய் மோட்டார் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்துகொள்கிறாளாம். அன்று சிதம்பரநாதன் வீட்டில் மொச்சை உரித்தபடியே தையல்நாயகி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாம்பும் கரண்டுமா கெடக்குற எடம்ண்ணே. உங்க வாய்தான் அவள அங்க அனுப்பிருக்கு."

"முப்பது வருசம் கேட்டே பொழச்சவன் தங்கச்சி. சட்டுனு நிக்குமா?"

"ஸ்கூலுக்கே போய் அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், இனிமே தாத்தா கேக்க மாட்டாருன்னு. என் மானத்தக் காப்பாத்துங்க."

சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் குரல்கள் உயர்ந்தன. ஏதோ பாத்திரம் உருண்டது. சற்று நேரத்தில் வாசலில் கவியா. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

சிதம்பரநாதன் வாயைத் திறந்தார்.

தையல்நாயகி பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து அவர் நாக்குக்கடியில் செருகிவிட்டார். "காய்ச்சல் மாதிரி இருக்குண்ணே, பேசாதீங்க." மறு கை மொச்சைத் தட்டை வாசல் பக்கம் நகர்த்தியது.

கவியா தயங்கினாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு காயைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள்.

தெர்மாமீட்டர் பீப் பீப் என்றது. தையல்நாயகி அதை எடுக்கவில்லை. சிதம்பரநாதனின் மோவாயை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.