இரண்டு வாய் வேக்குவம் கிளீனர்

எங்கள் ஊர்ப் பெண்கள் குழு சாமை உமி நீக்கும் மெஷின் வாங்கியபோது, அதை ஓட்ட முன்வந்தவள் நான் ஒருத்திதான். பெல்ட் அறுந்தால் மாட்டுவேன், மோட்டார் சூடானால் கழற்றித் துடைப்பேன். மெக்கானிக் மலையேறி வரட்டும் என்று ஒருநாளும் காத்திருந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. அந்தக் கொட்டகையில் மட்டும்தான் என்னை யாரும் இன்னாருடைய பெண்சாதி என்று கூப்பிடுவதில்லை.

போன வருடம் இருமல் பிடித்தது. செங்கத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சாமைத் தூசு உள்ளே படிகிறது, இனி அந்தப் பக்கமே போகாதே என்றார். மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன் என்றேன். கட்டியும்தானே இப்படி என்றார். கொட்டகையில் என்னோடு சாமை புடைக்கும் குழுத் தலைவி அக்காவிடம் மறைக்கப் பார்த்தேன், இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது. தை பிறந்ததும் வேறொருத்தி ஓட்டட்டும் என்று குழுவில் முடிவானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் பெல்ட் வாங்கக் கண்ணமங்கலம் போனேன். அங்கே காயலான் கடையில், துருப்பிடித்த சின்ன இரும்புப் பீப்பாய் ஒன்று, தரையில் இழுத்துப்போவதற்கான சறுக்குக் கட்டைமேல் படுத்திருந்தது. "பழைய காலத்து வேக்குவம் கிளீனர்மா, தூசுக்கு எமன். ஆனா ஓடாது" என்றார் கடைக்காரர். தூசுக்கு எமன் என்ற சொல்லுக்குப் பிறகு வேறெதுவும் என் காதில் விழவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாடி இது, பால் கேனா?" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாளே பிரித்துப் போட்டேன். எலி கடித்த வயரை மாற்றினேன். பேரிங்கை டீசலில் ஊறவைத்துக் கழுவி கிரீஸ் வைத்தேன். மூடிக்கு அடியில் உளுத்துப்போன ரப்பருக்குப் பதில் லாரி டியூபை வட்டமாக வெட்டி ஒட்டினேன். மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் இரண்டு கார்பன் கட்டைகளும் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தன. அந்த அளவு எந்தக் கடையிலும் இல்லை. பெரிய கட்டைகளை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தேன். மூன்று உடைந்தன. நாலாவதும் ஐந்தாவதும் சொன்னபடி கேட்டன. உள்ளே இருந்த துணிப்பை தொட்டதும் பொடிந்ததால், வீட்டுக்காரரின் வேட்டியை இரட்டையாக மடித்து வேறொன்று தைத்தேன். அவரைக் கேட்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் அது ஒருமுறை முக்கிவிட்டு, ஊய் என்று கிளம்பியது. நாய் ஓடியே போய்விட்டது. நான் அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன்.

பீப்பாய்க்கு முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய். அதோடு வந்த நீளக் குழாய் இரண்டிலும் பொருந்தியது. நாங்கள் தூற்றிப் பிழைக்கிற ஜனம். களத்தில் காற்று வந்தால்தான் சாமையிலிருந்து பதர் போகும், எங்கள் மெஷினும் உமியை ஊதித்தான் தள்ளும். தூசு என்றால் எங்களுக்கு ஊதவேண்டிய பொருள். அதனால் சந்தேகமே இல்லாமல், காற்று வருகிற பின்வாயில் குழாயைச் சொருகினேன். டீசல் இன்ஜினில் இருப்பதுபோல, உள்ளே போகிற காற்றை வடிகட்டத்தான் அந்தப் பை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் எல்லாரும் கூடி நிற்க, சாமையைக் கொட்டி மெஷினை ஓட்டினேன், கூடவே கிளீனரையும் போட்டேன். அடித்த காற்றில் மூலைமூலையாகப் படிந்திருந்த தூசெல்லாம் எழும்பி எங்கள் தலைமேல் இறங்கியது. நான் வெளியே ஓடி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன், கண்ணில் தண்ணீர் கொட்டும்வரை.

"போதும்மா, வுட்டுடு. வூட்டுக்குப் போ" என்றார் அக்கா.

நான் போகவில்லை. மூடியைத் திறந்து பையை உதறினேன். அவ்வளவு தூசுக்கும் ஒரு கைப்பிடிகூட அதில் இல்லை. எதற்கு இவ்வளவு பெரிய பை? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இது தள்ளுகிற மெஷின் இல்லை, தின்கிற மெஷின். நான் சோற்றைப் பின்பக்கமாக ஊட்டியிருக்கிறேன்.

"அக்கா, ஒரே ஒரு மூட்டை. அதுக்கப்புறம் நானே கொட்டகை சாவியக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

குழாயை முன்வாயில் மாட்டி, உமி மெஷினில் தூசு கிளம்புகிற இடத்தில் அதன் நுனியைக் கட்டினேன். ஒரு மூட்டை ஓடி முடிந்தது. கொட்டகையின் அந்தக் கோடியில் தொங்கிய காலண்டரை இங்கிருந்தே படிக்க முடிந்தது. எனக்கு வந்த கர்வத்தை நான் மறைக்கவில்லை. இடுப்பில் கைவைத்து ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன்.

பிறகு பையை முறத்தில் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில், பவுடர்போல, கால் முறத்துக்கு மேல் விழுந்தது.

"இவ்ளோவும் ஒரே மூட்டைலயா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. தெனம் எட்டு மூட்டை ஓட்றேன்."

அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நகர்ந்ததும் என் காதருகே வந்தார்.

"எனக்கும் ஒரு வருசமா இருமல் கீதும்மா. சொன்னா என்னையும் நிறுத்திடுவாங்கன்னு சொல்லல."

அடுத்த மூட்டையை நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கிக் கொட்டினோம்.