குடிக்காத அப்பாவைப் பற்றி எழுதிய ஒரு பக்கம்

"வேற ஒண்ணும் கிட்டாததுனால தானே மக்கா, டீச்சராகலாம்னு வந்திருக்கே?"

காட்டாக்கடை சந்தைக்குப் போகும் வழியில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டார். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பாஸ்போர்ட் என்று சுற்றுவட்டாரத்து மனுக்களையெல்லாம் போட்டுக்கொடுப்பவர் அவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார். "அப்படி இல்லை அண்ணா, எனக்குக் கணக்கு பிடிக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நான் தோற்ற இரண்டு வங்கித் தேர்வுகளுக்கும் மனு போட்டுத் தந்தவர் அவரே. அதனால் சிரிப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

ஒரு அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத்தான் போயிருந்தேன். கேரளத்தில் தமிழ் எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் நிற்பதில்லை. பட்டம் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பி.எட். படிப்புச் செலவை அறக்கட்டளைக்காரர்களே ஏற்பார்கள். விடுமுறைகளில் தனிப் பயிற்சியும் தருவார்கள். படிப்பு முடிந்ததும் மூன்று வருடம் இங்குள்ள ஒரு பள்ளியில் கற்பிக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், கடைசியில் அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

அந்த ஒரு பக்கத்தை நான் எழுதிக் கொண்டு போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் முக்கால் வருடம் எங்களுக்குக் கணக்கு டீச்சர் கிடையாது. விளையாட்டு சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் கைடைப் படித்து, புரிந்ததை எங்கள் பெஞ்சில் இருந்த நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் எப்படி வரும் என்று ஒருத்தி கேட்டு, பதில் தெரியாமல் மூன்று நாள் அலைந்து, நாலாம் நாள் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். அவள் "ஓ" என்றாள். அந்த "ஓ"வைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

கடைக்காரர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எழுத்து கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. கதை எங்க? உனக்க அப்பாவுக்கு என்ன சோலி?"

"ரப்பர் வெட்டு."

"குடி உண்டா?"

"இல்லை."

"அடி?"

"இல்லை."

"படிக்கண்டாம்னு சொன்னாரா? கல்யாணத்துக்கு நிர்ப்பந்தம் உண்டா?"

"இல்லை அண்ணா."

"பின்ன என்ன மக்கா! இப்படி ஒரு நல்ல அப்பாவ வச்சுகிட்டு வந்தா எவன் உதவி தருவான்?"

கடையில் காத்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"போன வருஷம் கிட்டின பிள்ளைக்கு நானாக்கும் எழுதிக் கொடுத்தது. நாலு வரி சேத்துக்கோ. அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் சாயா குடிக்கப் போனார். நாற்காலி காலியாக இருந்தது. அவர் சொன்னார் என்று நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் தட்டச்சு செய்தது நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அம்மா எட்டு வயதில் அண்டி ஆப்பீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்கு, தன் அம்மாவோடு போனவள். அப்பா அந்த வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டை கழுவப் போனவர். நான் பட்டம் வாங்கியபோது ஆரியங்கோட்டில் எங்கள் வழியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அப்பா மிட்டாய் கொடுத்தார். தோற்பது எனக்குப் பழக்கமில்லை. வங்கித் தேர்வுகளில் தோற்ற பிறகு தெருவில் தலை குனிந்து நடக்கக்கூடத் தெரியாமல் வேகமாக நடந்தேன். இன்னொரு முறை அப்படி நடக்க முடியாது என்று அன்று தோன்றியது.

அப்பா தினமும் குடித்துவிட்டு வருவார் என்று எழுதினேன். அம்மா அழுவாள் என்று எழுதினேன். பிறகு, யாரும் சொல்லித் தராமல், நானாகவே ஒரு வரி எழுதினேன்: ஒருநாள் போதையில் அவர் என் கணக்கு நோட்டை அடுப்பில் போட்டார், நான் அத்தனை கணக்கையும் முதலிலிருந்து மறுபடி செய்தேன். அந்த வரி வந்து விழுந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நன்றாக அமைந்துவிட்டது என்ற சந்தோஷம். பொய் எழுதியதைவிட அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றும் நினைக்க முடியவில்லை.

அந்தத் தாளின் கீழே பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக வரைவார். ரப்பர் பால் விரலில் ஒட்டியிருந்தால் தாளில் கறை படும் என்று இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்தார். "கறை பட்டா தள்ளிருவினும் இல்லியா?" என்றார். பிறகு கேட்டார்:

"என்ன மக்கா எழுதியிருக்கு?"

"நான் ஏன் டீச்சர் ஆகணும்னு எழுதியிருக்கேன்."

"கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி தன் பெயரை வரைந்தார்.

மாதிரி வகுப்பு நன்றாக நடந்தது. அடுத்த மாதம் வீட்டுக்கு இருவர் வந்தார்கள்: கல்லூரியில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மையார், கையில் கோப்போடு ஒரு இளைஞர். எங்களிடம் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு கொண்டு வந்தாள். கொண்டு வந்தவள் போகாமல் வாசலிலேயே நின்றாள். அப்பா வெட்டு முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி இருந்தார். அம்மையார் மலையாளத்தில்தான் பேசினார். அப்பாவும் மலையாளத்தில் தொடங்கி, வழக்கம்போல நடுவில் தமிழுக்கு வந்துவிட்டார்.

மழைக்காலத்தில் எத்தனை நாள் வெட்டு இருக்கும், எத்தனை மரம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி அம்மையார் கேட்டார்: "இப்போது எப்படி? அந்தப் பழக்கம்?"

"எந்தப் பழக்கம் டீச்சர்?"

"குடி."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சாயா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளிம்பில் ஒரு தேயிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. வேறு எதையும் பார்க்க முடியாமல் அதையே பார்த்தேன். வாசலில் நின்ற அக்கா "அய்யோ, இவரா..." என்று தொடங்கினாள். அப்பா முந்திக்கொண்டார்.

"விட்டாச்சு டீச்சர்."

"மகளுக்காகவா?"

"ஆமா. பிள்ளைக்குப் படிப்பு உண்டுல்லா. அதான் விட்டாச்சு."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நீ போய் டீச்சருக்கு கொஞ்சம் பழம் எடு" என்று அப்பா சொன்னார். அம்மையார் அவர் கையைப் பிடித்து, இதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்று பாராட்டினார். அப்பா தலையாட்டினார். அந்த இளைஞர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நான் பேச வாயெடுத்தேன். அப்பா "நாற்காலியக் கொண்டு குடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் சொன்னாள்: "அந்த மனுசனுக்குக் கள்ளு நாற்றமே ஆவாது. கல்யாண வீட்டில கூட தனியா இருந்தாக்கும் சாப்பிடுவாரு." அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் என்னிடம் பேசவில்லை.

உதவித்தொகை கிடைத்தது. பி.எட். சேர்ந்தேன். பயிற்சிக்காக பாறசாலையில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பெண், சமன்பாடு ஒன்றுக்கு மிகச் சரியான விடையோடு நோட்டைக் காட்டினாள். நடுவில் இருந்த வரிகள் ஒன்றும் பொருந்தவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து எழுதிவிட்டு, அங்கே போய்ச் சேருகிற மாதிரி மேலே படிகளை இட்டுக்கட்டியிருந்தாள். நான் வகுப்பு முன்னால் வைத்துக் கேட்டேன். "விடை சரிதானே டீச்சர்?" என்றாள். "இது கணக்கே இல்லை, இது கள்ளத்தனம்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய சொல் இல்லை அது. அவள் கண் நிறைந்தது. மீதி வகுப்பைப் பலகையைப் பார்த்தபடியே முடித்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் அப்பா வீட்டில் மறந்து வைத்த போனை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைப் புரைக்குப் போனேன். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் ஆட்கள் பேசுவது வெளியே வரை கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் அங்கேதான் வேலை செய்கிறார்.

"எலே, நீ எப்பம்டே குடிச்சே? எங்களுக்கு ஒரு சொட்டு தராம?"

"ஒத்தைக்கு அடிச்சிருப்பான். கள்ளப்பய."

"நம்மள்லாம் குடிச்சு நாசமாப் போறோம்னு நமக்கே உபதேசம் பறஞ்ச ஆளாக்கும் இவன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "உங்களுக்குத் தந்தா எனக்கு மிச்சம் கிட்டுமாலே?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் தலை குனிந்து ஷீட்டை மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. போனை வெளியே நின்றவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அந்தச் சிரிப்பில் அப்பாவின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்து அறக்கட்டளையிலிருந்து அந்த அம்மையாரே அழைத்தார். அடுத்த வருடத்துக்கு ஆள் சேர்க்க, நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டம். கணக்கும் இயற்பியலும் படித்த பிள்ளைகள் ஆசிரியர் வேலைக்கு வரவே தயங்குகிறார்கள்; நீ உன் கதையைச் சொன்னால் வருவார்கள் என்றார். "அப்பாவையும் அழைத்து வா. மேடையில் உன் பக்கத்தில் அவர் இருக்க வேண்டும். அந்த நோட்டு விஷயத்தை மறக்காமல் சொல்." நான் சரி என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

அன்று சாயங்காலம் அப்பா வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளின் நகலை எடுத்து வந்து, "இதில் என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கட்டுமா?" என்றேன். அவர் நிமிரவில்லை. வாசித்தேன். குடி வந்தது, அழுகை வந்தது. கத்தி தீட்டும் சத்தம் நிற்கவில்லை. அடுப்பு வந்தபோது நின்றது.

"அடுப்பில போட்டேனா?"

"ஆமா."

"நோட்டையா?"

"ஆமா அப்பா."

கத்தியின் முனையைப் பெருவிரலால் தடவினார். "குடின்னு எழுதினது போவட்டும்" என்றார். "அது நான் அன்னைக்கே மனசில ஏத்துகிட்டேன். ஆளுக சொல்லுறதுதானே. நோட்டு நான்தானே வாங்கித் தந்தேன், எல்லா வருசமும். அத மட்டும் எழுதியிருக்கண்டாம் மக்கா."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்; அதனால்தானோ என்னவோ, விட்டுவிட்டார்.

அறக்கட்டளையில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"சொன்னா படிப்பு போவும்."

"போனா போகட்டும்."

"நீ சொல்லுவே. அந்த டீச்சர் எனக்க கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாவ. நானும் பொய்தானே பறஞ்சேன். அப்பம் நானும் கள்ளனாவேன்."

நான் யோசிக்காமல் விட்டது அதுதான். என் பொய்யைத் திருத்தினால், அதை மறைக்க அவர் சொன்ன பொய்யும் வெளியே வரும். அவரைக் குடிகாரராக்கியவள், இப்போது பொய்யராகவும் ஆக்கப் போகிறேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "எழுது" என்றாள். "அவர எதுக்காகப் பொய் சொல்ல வச்சேன்னும் சேத்து எழுது."

மூன்று முறை கிழித்துப்போட்டு, நான்காம் முறை எழுதினேன். அப்பா குடித்ததே இல்லை; நோட்டு எரிந்ததே இல்லை; படிக்கத் தெரியாதவரிடம் மறைத்துக் கையெழுத்து வாங்கினேன்; வீட்டுக்கு வந்தவர்கள் முன் என்னைக் காப்பாற்ற அவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார்; பழி முழுவதும் எனக்கு. உதவித்தொகையை நிறுத்தினாலும் படிப்பை நிறுத்தமாட்டேன் என்றும், கூட்டத்துக்கு வேறு ஒருவரை அழைக்க வேண்டும் என்றும் எழுதினேன். கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதினேன், பிறகு அதை அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் அம்மையாரின் கையிலேயே கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே படித்தார். இரண்டாம் பத்தியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தார். திட்டவில்லை. "குழுவில் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும்" என்றார். பிறகு, "உன் அப்பாவிடம் நான் என்ன சொல்வது?" என்று கேட்டார்.

இன்னும் முடிவு வரவில்லை. அப்பா என்னிடம் பேசுகிறார், ஆனால் தேவையானதை மட்டும். பாறசாலைப் பள்ளியில் அந்தப் பெண்ணிடம், வகுப்பு முன்னாலேயே, அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் நம்பாமல் பார்த்தாள். உதவித்தொகை நின்றால் பி.எட். கட்டணத்துக்கு வழி வேண்டும் என்று கொல்லயில் என்ற ஊரில் ஒரு டியூஷன் வீட்டில் கேட்டிருந்தேன். நேற்று மாலை சேர்ந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு, பதினோரு பேர், கணக்கு.